எனக்கு எதுக்கு மலேரியா மருந்து?

“எனக்கு மூட்டு வலிதானேம்மா, இதுல எதுக்கு மலேரியா மருந்து?” கோலாலம்பூர் செந்தூலில் மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்களான லூபஸும் முடக்குவாதமும் அவர்களைத்தான் அதிகம் பிடிக்கின்றன. இவற்றுக்குக் கொடுக்கும் மாத்திரையில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற பெயரைப் பார்த்ததும் மகனோ மகளோ கைபேசியில் தேடிவிடுவார்கள். முதலில் வருவது மலேரியா, அடுத்தது கண் போய்விடும் என்ற பயம். அன்றோடு மாத்திரை அலமாரிக்குள் போய்விடும்.

பயப்படுபவர்களைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டிமார்களுக்கு மலேரியா என்றாலே கொய்னா (குயினைன்) மருந்தின் கசப்புதான் நினைவுக்கு வரும். அதே கொய்னாவை 1894-லேயே லண்டனில் ஒரு மருத்துவர் லூபஸ் தோல்நோய்க்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். மெபாக்ரின் என்ற இன்னொரு மலேரியா மருந்து லூபஸுக்கு உதவுவதாக 1951-ல் ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் 1955-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இடையில் 2020-ல் கோவிட்டுக்கு மருந்து என்று கிளம்பிய புரளியில் பெயர் அடிபட்டதே, அதுவும் இதுதான். கோவிட்டுக்கு அது உதவவில்லை.

நம் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும் எதிர்ப்பு அணுக்களைக் கொஞ்சம் நிதானப்படுத்துவதுதான் இதன் வேலை. ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புச் சக்தியையே அமுக்கிப்போடாது. ஆனால் மிக மெதுவான மருந்து. பலன் தெரிய ஆறு வாரம் முதல் ஆறு மாதம்கூட ஆகலாம்.

தொல்லையே இந்த மெதுவில்தான் இருக்கிறது. உடம்பில் சேர்ந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ 40 நாள் பிடிக்கும். ஆக, இன்று நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரமும் ஆகாது. “நிறுத்திட்டேன், நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லத் தோன்றும். இரண்டு மூன்று மாதம் கழித்து விரல் வீங்கி, முகத்தில் சிவப்பு படர்ந்து, சிலருக்குச் சிறுநீரகம்வரை போகும்போது யாரும் அந்த மாத்திரையை நினைப்பதில்லை. வெயிலில் அலைந்தது, கல்யாண வீட்டில் சாப்பிட்டது என்று வேறு காரணம் தேடுவார்கள். மருந்து வேண்டாம் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

கண் பயம் பொய்யில்லை. விழித்திரை பழுதானால் திரும்பச் சரியாகாது. ஆனால் அது அளவையும் ஆண்டுகளையும் பொறுத்தது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருந்தால் முதல் ஐந்து ஆண்டுகளில் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. இருபது ஆண்டு ஆகும்போதுதான் அது நூற்றுக்கு ஏறத்தாழ இருபதாகிறது. அதனால்தான் கடையில் தராசு வைத்திருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்வேன். ஒரு அக்காவுக்கு 43 கிலோதான் இருந்தது. கணக்குப்படி 215 மில்லிகிராம், அதாவது 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அவர் இரண்டு விழுங்கிக்கொண்டிருந்தார், உடம்பு இளைப்பதற்கு முன் எழுதிய அளவு அது. மருத்துவரிடம் அனுப்பினேன், ஒன்றாகக் குறைத்தார்கள். 60 கிலோ உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று எழுதுவார்கள். அதில் குழம்பாதவர் யாரும் இல்லை. சமையலறையில் தொங்கும் குதிரைக் காலண்டரில் ஒற்றைப்படைத் தேதிக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இரண்டு என்று குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

மருந்து தொடங்கிய முதல் ஆண்டுக்குள் ஒரு கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வருடந்தோறும் ஒன்று. சிறுநீரகம் பலவீனமானவர்கள் ஐந்து ஆண்டு காத்திருக்கக்கூடாது. நம்மவர்களிடம் இனிப்புநீர் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பது தெரிந்ததுதான், அது சிறுநீரகத்தையும் தின்னும். இன்னொன்று, கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசித்துவிட்டு வந்தால் போதாது. ஆரம்பப் பழுது அதில் சிக்காது. விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி சோதனையும் பார்வைப்புலச் சோதனையும் தேவை. ஆசியர்களுக்குப் பழுது பெரும்பாலும் பார்வையின் நடுவைவிட்டுச் சற்றுத் தள்ளியே தொடங்குவதால், “நான் இந்த மருந்து சாப்பிடுறேன்” என்று கண் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

வயிறு புரட்டினால் சோற்றுக்குப் பிறகு போடுங்கள். நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிட்டோடு சேர்த்துப் போடாமல் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இனிப்புநீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கக்கூடும், கவனம். இதய மருந்து சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள்.

கர்ப்பமானதும் மாமியார் முதலில் நிறுத்தச் சொல்வது இதைத்தான். லூபஸ் உள்ள தாய்க்கு இதைத் தொடர்வதே நல்லது. நிறுத்தினால் நோய் கிளம்பும், அது குழந்தைக்கும் ஆகாது.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் டப்பாவை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். ஓரிரு மாத்திரையே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.