லண்டன் – பாரிஸ்: ஒன்றேகால் மணி நேரம் என்பது எந்தக் கணக்கு?

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுத்துப் பார்த்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. பிறகு ஏன் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருக்கிறது? டிக்கெட் போட்டுக் கொடுக்கும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் நியாயமான கேள்வி இது.

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. விமானம் நிற்குமிடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் வரையிலான நேரம். ஹீத்ரோவில் ஓடுபாதைக்கே வரிசையில் காத்திருக்க வேண்டும். மேலே போனபின் குறித்த பாதையில் வளைந்துதான் போக வேண்டும். முழு வேகம் எடுத்த சற்று நேரத்திலேயே இறங்கவும் தொடங்கிவிடும். திரும்பி வரும்போது ஹீத்ரோவில் நெரிசல் என்றால் வானத்திலேயே வட்டமடிக்க விடுவார்கள். பாவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் ஹில் என்று அதற்கென்றே நான்கு இடங்கள் வைத்திருக்கிறார்கள்.

இவற்றைவிட அதிகம் ஏமாற்றுவது கடிகாரம். பாரிஸ் நேரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பாரிஸ் புறநகரில் பகல் 12 மணி முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய ஒருவர், அன்று காலை 10 மணி விமானத்தைக் கேட்டார். "ஒன்றேகால் மணி நேரம்தானே அண்ணா, 11.15க்குப் பாரிஸில் நிற்பேன்" என்றார். அவர் இறங்கும்போது அங்கே 12.15 ஆகியிருக்கும். அதன்பின் கடவுச்சீட்டு வரிசை. பிரிட்டன், ஷெங்கன் எனப்படும், உள் எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு வெளியே இருப்பதால் அதைத் தவிர்க்க முடியாது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அல்லாத குறுகியகாலப் பயணிகளின் கைரேகையையும் முகப் படத்தையும் பதியத் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு ஆர்இஆர் பி ரயிலில் கார் து நோர் நிலையம் வர இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல். தாலி கட்டி, பந்தியும் பாதி முடிந்திருக்கும். முதல் நாள் மாலையே அனுப்பிவைத்தேன்.

கார் து நோர் அருகே தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் போகிறவர்களுக்கு நான் ரயிலையே சொல்வேன், எனக்குக் கமிஷன் குறைந்தாலும். செயின்ட் பாங்க்ராஸிலிருந்து யூரோஸ்டார் சுமார் 2 மணி 20 நிமிடத்தில் கார் து நோரில் இறக்கிவிடும். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடுவதால், இறங்கியதும் நடையைக் கட்டலாம். சென்னையிலிருந்து ஹீத்ரோ வழியாகப் பாரிஸ் போகிறவர்கள் கதை வேறு. அவர்கள் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுப்பதே நல்லது. தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கிலோமீட்டர் கணக்கு உங்களுக்கு உண்மையில் கைகொடுப்பது இழப்பீட்டில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்தில் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் 250 யூரோ கேட்கலாம். லண்டனிலிருந்து கிளம்பும் விமானத்துக்குப் பிரிட்டன் சட்டப்படி 220 பவுண்டு. மோசமான வானிலை போன்ற, நிறுவனத்தின் கைமீறிய காரணங்களுக்குக் கிடைக்காது. இதில் சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, விமானத்தின் கதவு திறந்த நேரம். 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. தாமதமாகிவிட்டால் கதவு திறக்கும்போது மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்; போர்டிங் பாஸையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.