கூட்டு இராணுவச் செயற்கைக்கோள்: பணம் போடும் நாட்டுக்கு என்ன உரிமை?

இரண்டு மூன்று நாடுகள் சேர்ந்து இராணுவச் செயற்கைக்கோள் ஒன்றை உருவாக்கப் போவதாக அறிவிப்பு வந்தால், தலைப்புச் செய்தியாவது தொகைதான். எத்தனை கோடி டாலர், எந்த நாடு எத்தனை சதவீதம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இத்தகைய கூட்டுத் திட்டங்களின் செலவுக் கணக்கையும் ஒப்பந்த வரைவையும் சரிபார்ப்பது என் தொழில். ஒப்பந்தம் கைக்கு வந்தால் தொகையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் புரட்டுவது பின்னால் உள்ள இணைப்புகளை. முடிந்த பொருளை யார் எவ்வளவு பயன்படுத்தலாம், ஆய்வில் பிறக்கும் அறிவு யாருடையது, ஒருவர் பாதியில் விலகினால் மற்றவர் கதி என்ன என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். மக்களின் வரிப்பணம் பலன் தருமா, கரைந்துபோகுமா என்பதை அந்தப் பக்கங்களே தீர்மானிக்கின்றன. நாடாளுமன்ற விவாதங்களிலும் ஊடகங்களிலும் அவற்றைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் கலிலியோ வழிகாட்டும் செயற்கைக்கோள் திட்டத்தைப் பாருங்கள். அது குடிமை நிர்வாகத்தின் கீழ் இயங்குவதுதான். ஆனால் அதற்குள் அரசுகளுக்கும் படைகளுக்கும் மட்டுமேயான, மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு சேவை இருக்கிறது. எதிரி அலைவரிசையைக் குழப்பினாலும் தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது அது. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தவரை அந்தத் திட்டத்துக்குத் தன் பங்காக ஏறத்தாழ 120 கோடி பவுண்டு சென்றதாகக் கணக்குச் சொன்னது. பணம் மட்டுமல்ல, இங்கிலாந்தின் கில்ட்ஃபர்டில் உள்ள சர்ரே சாட்டிலைட் நிறுவனம் 34 செயற்கைக்கோள்களுக்கான வழிகாட்டும் கருவித் தொகுதிகளைச் செய்து கொடுத்தது. ஒன்றியத்தை விட்டு விலகும் முடிவு வந்ததும் நிலைமை தலைகீழானது. உறுப்பினர் அல்லாத நாடு தனி உடன்பாடு இல்லாமல் அந்த மறைச் சேவையைத் தொட முடியாது என்பது விதி. பிரிட்டன் உறுப்பினராக இருந்தபோதே வகுக்கப்பட்ட விதி அது. 2018 இறுதியில், தன் படைகளுக்குக் கலிலியோவைப் பயன்படுத்தப் போவதில்லை என்று பிரிட்டன் அறிவித்தது. சொந்தமாக ஓர் அமைப்பை உருவாக்க முடியுமா என்று பார்க்க 9.2 கோடி பவுண்டு ஒதுக்கி ஆய்வைத் தொடங்கியது. 2020இல் அந்த முயற்சியும் கைவிடப்பட்டது.

இதே திட்டத்தில் 2003இல் சீனாவும் சேர்ந்தது. 20 கோடி யூரோ தருவதாக ஒப்புக்கொண்டது. நாளடைவில் முடிவெடுக்கும் இடத்திலிருந்தும் பாதுகாப்பு சார்ந்த பகுதிகளிலிருந்தும் தள்ளி வைக்கப்பட்ட சீனா, தன் சொந்த வழிகாட்டும் செயற்கைக்கோள் அமைப்பான பெய்டோவில் முழுமூச்சாக இறங்கியது. கலிலியோவை உருவாக்கிய ஐரோப்பியர்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. மறையாக்கச் சாவியை யாரிடம் கொடுப்பது என்பது எந்த அரசும் எளிதில் விட்டுக்கொடுக்காத விஷயம். நான் சொல்ல வருவது, பங்குத்தொகை செலுத்திய ரசீது அந்தச் சாவிக்கு உரிமை தராது என்பதைத்தான். உரிமை வேண்டுமென்றால் அதைத் தனியாக எழுதி வாங்க வேண்டும். உறவு நன்றாக இருக்கும் காலத்திலேயே வாங்க வேண்டும்.

எழுதி வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பிரான்ஸ் தலைமையில் 1995இல் ஏவப்பட்ட ஹெலியோஸ் 1ஏ உளவுச் செயற்கைக்கோளில் பிரான்ஸின் பங்கு 78.9 சதவீதம், இத்தாலியின் பங்கு 14.1, ஸ்பெயினின் பங்கு 7. படமெடுக்கும் வாய்ப்பும் அந்தந்தப் பங்குக்கு ஏற்பவே பிரிக்கப்பட்டது. ஸ்பெயின் போன்ற நாடு தனியாக ஓர் உளவுச் செயற்கைக்கோளைக் கட்டியிருக்க அன்று வழியில்லை. ஏழு சதவீதச் செலவில் தன் தேவைக்குத் தானே படம் கேட்கும் நிலையை அது பெற்றது. ஆஸ்திரேலியா இன்னொரு வழியில் போனது. அமெரிக்காவின் டபிள்யூஜிஎஸ் இராணுவத் தகவல்தொடர்பு வரிசையில் ஆறாவது செயற்கைக்கோளுக்கான செலவை ஏற்க 2007இல் ஒப்பந்தம் செய்தது. 2013இல் அது ஏவப்பட்டது. ஒரே ஒரு செயற்கைக்கோளுக்குப் பணம் கொடுத்த ஆஸ்திரேலியாவுக்கு, உலகைச் சுற்றியுள்ள அந்த வரிசை முழுவதிலும் தன் பங்குக்கு ஏற்ற அலைக்கற்றைக் கொள்ளளவு கிடைத்தது. அந்த ஆறாவது செயற்கைக்கோள் பழுதானாலும் பங்கு போய்விடாது. இப்படி ஒரு வரியை ஒப்பந்தத்தில் பார்க்கும்போது, எழுதியவர் தொழில் தெரிந்தவர் என்று மனம் நிறைகிறது. கனடா, டென்மார்க், லக்சம்பர்க், நெதர்லாந்து, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் 2012இல் இதே முறையில் ஒன்பதாவது செயற்கைக்கோளுக்காக இணைந்தன. அது 2017இல் ஏவப்பட்டது.

ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியா பணம் போட்டபோது அந்தச் செயற்கைக்கோளின் வடிவமைப்பு முடிந்து, தொழிற்சாலையில் வரிசையாக உருவாகிக்கொண்டிருந்தது. கிடைத்தது கொள்ளளவு. அதை எப்படிக் கட்டுவது என்ற அறிவு கிடைக்கவில்லை. அறிவு வேண்டுமென்றால் வரைபடம் வெள்ளைத்தாளாக இருக்கும்போதே உள்ளே நுழைய வேண்டும். ஜப்பான் அதைத்தான் செய்தது. வளிமண்டலத்துக்கு வெளியே ஏவுகணையை மறித்து அழிக்கும் எஸ்எம்-3 வகையை மேம்படுத்த 1999இலேயே அமெரிக்காவுடன் கூட்டு ஆய்வில் இறங்கியது. கூம்பு முனை, இரண்டாம் நிலை ராக்கெட் மோட்டார், மோதி அழிக்கும் பகுதி, அகச்சிவப்பு உணரி என நான்கு உறுப்புகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. 2006இல் அது கூட்டு உருவாக்கமாக வளர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் எதுவும் கண்ணுக்குத் தெரியாத செலவுதான். ஆனால் தன் பொறியாளர்களின் கையில் வேலை சேர்ந்தது, மூன்றாம் நாட்டுக்கு அதைக் கொடுக்கும் முடிவில் ஜப்பானின் இசைவும் தேவைப்பட்டது. என் அனுபவத்தில், நிதித் துறைகள் மிகவும் தயங்குவது இந்தத் தொடக்கக்கட்ட ஆய்வுச் செலவுக்குத்தான். பிற்காலத்தில் அதிக உரிமையை ஈட்டித் தருவதும் அதுதான்.

இனி, கணக்குப் பார்ப்பவர்களுக்குத் தலைவலி தரும் ஒன்று: பணமாக அல்லாமல் பொருளாகவும் சேவையாகவும் கொடுக்கப்படும் பங்கு. ஒரு நாடு தன்னிடம் உள்ள வெப்ப வெற்றிடச் சோதனைக்கூடத்தைத் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்வெளியின் வெற்றிடத்தையும் கொதிப்பையும் உறைகுளிரையும் மாறி மாறி உண்டாக்கி, செயற்கைக்கோளை வாரக்கணக்கில் உள்ளே வைத்துச் சோதிக்கும் பெரிய உருளை அது. அதன் ஒரு நாள் மதிப்பு என்ன? வெளியாருக்கு வாடகைக்கு விடும் விலையில் போட்டால் ஒரு தொகை வரும். கட்டுமானச் செலவில் தேய்மானம் கணக்கிட்டு இயக்கச் செலவைச் சேர்த்தால் வேறு தொகை. கூடம் எப்படியும் இருக்கிறது, இந்தச் சோதனைக்காகக் கூடுதலாகச் செலவாகும் திரவ நைட்ரஜன், மின்சாரம், இரவுப்பணி ஊதியம் மட்டும் போதும் என்றால் மிகச் சிறிய தொகை. மூன்றும் கணக்கியல் முறைப்படி சரியே. எந்த முறை என்று எழுதாமல் விட்டால், கொடுக்கும் நாடு முதல் முறையிலும் பெறும் நாடு மூன்றாம் முறையிலும் கணக்கெழுதும். இரண்டு நாடுகளின் தணிக்கையாளர்களும் எதிரெதிரே உட்காரும் அன்றுதான் இந்த இடைவெளி வெளியே தெரியும். அதற்குள் செயற்கைக்கோள் சோதனைக்கூடத்துக்குள் போய்விட்டிருக்கும். சோதனையில் ஒரு குறை தென்பட்டு நாட்கள் நீண்டால், அந்தக் கூடுதல் நாட்களை யார் கணக்கில் எழுதுவது என்பது அடுத்த சண்டை. ஆகவே எத்தனை நாள், ஒரு நாளுக்கு என்ன மதிப்பு, மீறினால் எந்த விகிதம் என்பதை முன்கூட்டியே எண்ணாக எழுதச் சொல்லி நான் விடாப்பிடியாக நிற்பேன்.

இதில் எந்தக் கணக்கிலும் சரியாக அடங்காத ஒரு பங்கு உண்டு. அது நிலம். அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான டார்பா உருவாக்கிய விண்வெளிக் கண்காணிப்புத் தொலைநோக்கி முதலில் நியூ மெக்சிகோவில் இருந்தது. 3.5 மீட்டர் ஆடி கொண்ட அந்தக் கருவி பின்னர் மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்துக்கு மாற்றப்பட்டு 2022இல் பணிக்கு வந்தது. தொலைநோக்கி அமெரிக்காவுடையது, அதற்கான கட்டடமும் வசதிகளும் ஆஸ்திரேலியாவுடையவை. கட்டடத்துக்கு விலை போடலாம். தென்கோள வானத்தை அங்கிருந்து பார்க்க முடிகிறது என்பதற்கு என்ன விலை? 2023 டிசம்பரில் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் அறிவித்த ஆழ்விண்வெளி ரேடார் வலையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதை முழுவதையும் இரவு பகலாகக் கவனிக்க, பூமியின் வெவ்வேறு முகங்களில் மூன்று தளங்கள் வேண்டும். எந்த ஒரு நாட்டின் கருவூலமும் தன் நிலப்பரப்புக்கு வெளியே இடத்தை உண்டாக்க முடியாது. இடத்தைக் கொடுக்கும் நாடு அதைச் சதுர மீட்டர் குத்தகையாகக் குறைத்து மதிப்பிட்டுக்கொண்டு மேசைக்கு வருவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

விலகல் பற்றி. 1990களில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் ஒரே இராணுவத் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் அமைப்பை உருவாக்கப் பேசின. 1998இல் பிரிட்டன் விலகியது. இறுதியில் பிரிட்டனுக்கு ஸ்கைநெட் 5, பிரான்ஸுக்கு சிராக்யூஸ் 3, ஜெர்மனிக்கு சாட்காம்பிடபிள்யூ என மூன்று தனித்தனி அமைப்புகள் எழுந்தன. ஒருமுறை செலவழித்திருக்க வேண்டிய வடிவமைப்புப் பணத்தை மூன்று நாடுகளும் தனித்தனியே செலவழித்தன. கொள்கையில் பகை எதுவும் இல்லை. ஒவ்வொரு நாட்டின் பழைய செயற்கைக்கோளும் ஓய்வுபெறும் ஆண்டு வேறு, அதனால் அவசரமும் வேறு. அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து ஏவுகணை எச்சரிக்கைக்கான ஆய்வுச் செயற்கைக்கோள்களை உருவாக்க 1992இல் தொடங்கிய ராமோஸ் திட்டத்தின் கதை இன்னும் வேதனையானது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆய்வும் வடிவமைப்பும் நடந்தன. இரு அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தம் இழுபறியிலேயே கிடந்தது. 2004இல் திட்டம் ரத்தானது. ஒரு செயற்கைக்கோள்கூடப் பறக்கவில்லை. அணு ஆயுத நாடுகள் இரண்டு ஒரே எச்சரிக்கைத் தரவைப் பார்த்திருக்கும் வாய்ப்பு அத்தோடு கைநழுவியது. பொறியாளர்களுக்கு ஊதியம் போய்க்கொண்டிருந்தாலே திட்டம் உயிரோடு இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். கையெழுத்தாகாத ஒப்பந்தத்தின் மீது ஆண்டுக்கணக்கில் ஆய்வுப் பணத்தைக் கொட்டுவதை எந்த நிதிக்குழுவும் அனுமதிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்றுமதிச் சட்டங்களை ஆய்வாளர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. அவர்களுக்கு நான் டோபாஸ் கதையைச் சொல்வதுண்டு. 1991இல் சோவியத் விஞ்ஞானிகள் டோபாஸ் 2 என்ற விண்வெளி அணு உலையின் மாதிரியை அமெரிக்காவின் அல்புகர்க்கியில் நடந்த மாநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதில் எரிபொருள் கிடையாது. காட்சி முடிந்து திருப்பி எடுத்துப்போக முயன்றபோது, அமெரிக்கச் சட்டப்படி அது அணுசக்திக் கருவி, ஏற்றுமதி உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியாது என்று அணுசக்தி ஒழுங்காற்று ஆணையம் தடுத்துவிட்டது. சொந்தக்காரரே தன் பொருளை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாமல் காத்திருந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்கா 1.3 கோடி டாலர் கொடுத்து அத்தகைய உலைகள் இரண்டை வாங்கி, ரஷ்யப் பொறியாளர்களோடு சேர்ந்து சோதித்தது என்பது வேறு விஷயம். ஆய்வுக் கருவி, மென்பொருள், ஒரு வரைபடம் எதுவானாலும் எல்லையைக் கடக்கும் நொடியில் அதன் சட்டத் தகுதி மாறிவிடலாம். அமெரிக்கா 1999இல் செயற்கைக்கோள்களை ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கான ஆயுதப் பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. 2014இல்தான் பெரும்பகுதியைத் தளர்த்தியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் அமெரிக்க உறுப்புகளே இல்லாத செயற்கைக்கோள்களை வடிவமைக்கத் தொடங்கின.

ஐரோப்பியப் பாதுகாப்பு நிதியம் இந்தப் பாடத்தைத் தன் விதிகளிலேயே எழுதிக்கொண்டது. 2021 முதல் 2027 வரைக்கும் கிட்டத்தட்ட 800 கோடி யூரோ ஒதுக்கீட்டோடு தொடங்கிய நிதியம் அது. பணம் பெற வேண்டுமானால் பொதுவாகக் குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று நிறுவனங்கள் இணைய வேண்டும். ஆய்வின் விளைவு, திட்டத்துக்கு வெளியே உள்ள நாட்டின் கட்டுப்பாட்டுக்கு உட்படக்கூடாது. இத்தகைய நிதிக்கு விண்ணப்பிக்கும் பல்கலைக்கழக ஆய்வுக்குழுக்கள், நீங்கள் கொண்டுவரும் பழைய அறிவு எது, இந்தப் பணத்தில் புதிதாகப் பிறப்பது எது என்று தேதியிட்ட ஒரு பட்டியலை முதல் நாளே எழுதிவையுங்கள். ஐந்தாண்டு உழைத்த வழிமுறை ஒன்று, பிரித்துக் காட்டச் சான்று இல்லாததால் திட்டத்தின் கூட்டுச் சொத்தாகிவிடும் ஆபத்து உண்மையானது. உங்கள் மாணவர் அதை ஆய்வேட்டில் வெளியிட முடியுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

நன்றாக அமைந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வடதுருவப் பகுதிக்குத் தகவல்தொடர்பு தரும் இராணுவக் கருவித் தொகுதிகளை அமெரிக்க விண்வெளிப் படை, நார்வே அரசு நிறுவனமான ஸ்பேஸ் நார்வேயின் இரண்டு செயற்கைக்கோள்களில் ஏற்றியது. 2024 ஆகஸ்டில் அவை ஏவப்பட்டன. அதே செயற்கைக்கோள்களில் நார்வே படைகளின் கருவியும் வணிக நிறுவனம் ஒன்றின் கருவியும் இருக்கின்றன. தனியாகச் செய்திருந்தால் ஆகியிருக்கும் செலவோடு ஒப்பிட்டால் 90 கோடி டாலர் அளவுக்கு மிச்சம் என்பது அமெரிக்கத் தரப்பின் கணக்கு. இங்கே யாரும் யாருடைய இரகசியத்தையும் திறந்து பார்க்கத் தேவையில்லை. மின்சாரம், எடை, இடம், சுற்றுப்பாதை ஆகியவற்றை மட்டுமே பகிர்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் தன் கருவியைத் தானே பூட்டி வைத்துக்கொண்டார்கள். நம்பிக்கை முழுதாக வளராத நாடுகளுக்கிடையே கூட்டு ஆய்வைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

கடைசியாக, தரையில் உள்ள கருவிகள். ஜிபிஎஸ் அமைப்பின் புதிய இராணுவ அலைக்குறியை ஏந்திய முதல் செயற்கைக்கோள் 2005இல் ஏவப்பட்டது. அதை முழுமையாகப் பயன்படுத்தும் தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளும் வீரர்களின் கையிலிருக்கும் பெறுவிகளும் அதன்பின் பல ஆண்டுகள் பின்தங்கியே வந்தன. தனி ஒரு நாட்டின் திட்டத்திலேயே இந்த நிலை என்றால், ஐந்து நாடுகள் ஐந்து வரவுசெலவு ஆண்டுகளில் பெறுவிகள் வாங்கும் திட்டத்தில் எப்படி இருக்கும்? உங்கள் நாட்டு நாடாளுமன்றத்தில் இப்படி ஒரு திட்டம் வந்தால், உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள்: பங்குத்தொகைக்குள் தரை முனையங்களும் அவற்றை இயக்கும் ஆண்டுச் செலவும் அடக்கமா, அல்லது அதற்கு இன்னொரு மசோதா வருமா?