மலைக் கிராமக் கழிவுநீர் நிதி: கோப்பில் ‘பணி முடிந்தது’ என எழுதப்படும் முன்

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவுக்கு 2020 பிப்ரவரியில் இரண்டாம் கட்ட ஒப்புதல் கிடைத்தபோது, கழிப்பறையுடன் சமையலறை, குளியலறைக் கழிவுநீருக்கும் திட்டத்தில் முக்கிய இடம் கிடைத்தது. இந்தக் கழிவுநீருக்காக, 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குத் தலைக்கு 280 ரூபாய் வரையும், அதற்கு மேற்பட்ட கிராமத்துக்கு 660 ரூபாய் வரையும் செலவிடலாம். இதில் 30 விழுக்காட்டை ஊராட்சி தனக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும். பின்னணி இவ்வளவு போதும்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 300 பேர் வாழும் மலைக் கிராமத்துக்குத் தலைக்கணக்குப்படி 84,000 ரூபாய்தான் வரும். இத்தகைய சிறு கிராமமும் குப்பைக்கும் கழிவுநீருக்கும் சேர்த்துக் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் பயன்படுத்தலாம் என்று விதி இருக்கிறது, அவ்வளவுதான். மணலும் ஜல்லியும் தலைச்சுமையாக ஏற வேண்டிய ஊருக்கும் இதே கணக்குதான். எனவே ‘பெரிய சுத்திகரிப்பு நிலையம் வரப்போகிறது’ என்ற பேச்சை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இந்தப் பணத்தில் ஆகக்கூடியவை கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியும், சிறு வடிகாலும், கழிவுநீரை உறிஞ்சி வளரும் கல்வாழைச் செடிப் பாத்தியும்தான். அதிலும், உங்கள் குடியிருப்பு சாலையோரத் தாய்க் கிராமத்தோடு சேர்த்து எண்ணப்பட்டிருந்தால் தலைக்கணக்கு உங்களுடையதாகவும் வேலை அவர்களுடையதாகவும் போய்விடும். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் குடியிருப்பின் பெயர் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சமவெளிக்கு வரைந்த படத்தை மலையில் அப்படியே தோண்டுவதுதான் நான் அடிக்கடி காணும் கொடுமை. ஒரு குடியிருப்பில் பாறை தட்டியதும் நாலடியில் நிறுத்திய உறிஞ்சு குழியைக் கண்டேன். ஒரு மழைக்குள் நிரம்பி வழிந்த அந்த நீர், கீழே பெண்கள் குடம் வைக்கும் சுனைக்குப் போய்க்கொண்டிருந்தது. கோப்பிலோ படத்துடன் ‘பணி முடிந்தது’ என்று இருந்தது. குழி வெட்டும் முன் ஓரடி ஆழத்தில் சிறு பள்ளம் தோண்டி நீர் ஊற்றுங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் அந்த இடம் வேண்டாம். சுனைக்கு மேற்புறச் சரிவில் எந்தக் குழியும் கூடாது. கழிப்பறைக்கு, ஒன்று நிரம்பியதும் மற்றதற்கு மாற்றிப் பயன்படுத்தும் இரட்டைக் குழியைக் கேளுங்கள். கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரி ஏறாத ஊரில் செப்டிக் டேங்க் நிரம்பினால் மனிதனை உள்ளே இறக்கும் நிலை வரும். பாதுகாப்புக் கருவிகள் இன்றி அப்படி இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

வீட்டுக் கழிப்பறை கட்ட இதே திட்டம் தரும் 12,000 ரூபாய் ஊக்கத்தொகையில் வேறு பொறிகள் உள்ளன. ‘வறுமைப் பட்டியலில் பெயர் இல்லை’ என்று திருப்பி அனுப்புவார்கள். அந்த வறுமைப் பட்டியலுக்கு வெளியே இருந்தாலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகள், குடிமனை உள்ள நிலமற்ற தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள், பெண் தலைமையேற்ற குடும்பங்கள் ஆகியோருக்கு உரிமை உண்டு. தனிக்குடித்தனம் போன மகனுக்கு, ‘உங்கள் அப்பா வாங்கிவிட்டார்’ என்பதும் சரியான பதில் அல்ல. புதிதாக உருவான குடும்பங்களும் இந்தக் கட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. தனிக் குடும்ப அட்டையைக் காட்டிக் கேளுங்கள். நான் உடன் சென்ற மூதாட்டி ஒருவரின் பெயருக்கு நேரே ‘ஏற்கெனவே கட்டப்பட்டது’ என்று இருந்தது. அவர் வீட்டில் ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. அதைத் திருத்த மூன்று அலுவலகங்களுக்கு, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து, மலையிறங்கினார்.

வாய்மொழிப் பதிலை ஒருபோதும் ஏற்காதீர்கள். மனுவை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால், தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் குடியிருப்புக்கு ஒதுக்கிய தொகை, செலவு, செய்த வேலையின் அளவைப் பதியும் பணி அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை, 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

கிராம சபையில் இன்னும் கவனமாக இருங்கள். கழிவுநீர் ஏற்பாடெல்லாம் முடிந்து ‘மாதிரி’ நிலையை அடைந்ததாகக் கிராமத்தை அறிவிப்பது அங்கே நிறைவேறும் தீர்மானம்தான். அதன் பிறகு புதிய குழி கேட்டுப் போனால், உங்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டுவார்கள். வருகைப் பதிவேடு கைக்கு வரும்போது, தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வேலை முடியாத வீடுகளின் பெயர்களை அதிலேயே எழுதச் செய்த பிறகு கையெழுத்திடுங்கள்.