ஹிப் போட்டுவிட்டால் எல்லாத் துளையும் மூடிவிடாது

"ஹிப் போட்டாச்சே சார், அப்புறம் எப்படி ஓட்டை வரும்?"

ஹிப் என்பது வார்த்த பாகத்தை அதிகச் சூட்டில் வாயு அழுத்தத்தில் வைத்து உள்ளே இருக்கும் துளைகளை நசுக்கும் முறை. போன மாதமும் இதே கேள்விதான். இந்த முறை என் மேஜைக்கு வந்தது மெழுகு வார்ப்பில் (மெழுகு மாதிரியைச் சுற்றிப் பீங்கான் அச்சு கட்டி, மெழுகை உருக்கி எடுத்து உலோகம் ஊற்றும் முறை) செய்த நிக்கல் கலவை ஹவுசிங் (வெளிக்கூடு), விமான எஞ்சினுக்குப் போக வேண்டியது. சீல் உட்காரும் முகத்தை லேசாகச் சீவியதுமே கூட்டமாக நுண்துளைகள் தெரிந்திருக்கின்றன. கூட வந்த ஃபவுண்டரி (வார்ப்பு ஆலை) சான்றிதழில் ஹிப் முடிந்தது, எக்ஸ்ரே ஓகே, பெனட்ரன்ட் (புற ஊதா விளக்கில் ஒளிரும் திரவத்தை மேற்பரப்புத் துளை, விரிசலுக்குள் ஊறவிட்டுப் பார்க்கும் சோதனை) ஓகே என்று வரிசையாகக் கையெழுத்து. அதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. எனக்கு ஆத்திரம் வருவதே அதனால்தான்.

ஹிப் என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஹாட் ஐசோஸ்டேடிக் பிரெஸ்ஸிங், 1955இல் பேட்டெல் ஆய்வகத்தில் அணு உலை எரிபொருளுக்கு உறை ஒட்டுவதற்காக உருவான முறை. வார்ப்புக்கு அது பிறகுதான் வந்தது. டைட்டானியம் 6-4 கலவை என்றால் 900 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 100 மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தத்தில் 2 மணி நேரம். நிக்கல் கலவைகளுக்கு 1,200 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும், நேரமும் கூடும். உலோகம் உறையும்போது சுருங்குவதால் உள்ளே உண்டாகும் சுருக்கத் துளைகள் நசுங்கி, சுவரோடு சுவர் ஒட்டி ஒன்றாகிவிடும். அருமையான செயல்முறை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அழுத்துவது வாயு என்பதை மட்டும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். துளையின் வாய் மேற்பரப்பில் திறந்திருந்தால் ஆர்கான் அதற்குள்ளும் போகும். வாய் திறந்த குடத்தைக் கிணற்றில் எவ்வளவு ஆழம் இறக்கினாலும் அது நசுங்காது; உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். அதே கதைதான் இங்கேயும். 100 மெகாபாஸ்கல் கொடுத்தாலும் 200 கொடுத்தாலும் திறந்த துளை திறந்தேதான் கிடக்கும். வாய் முடி அளவுக்குச் சிறியதாக இருக்கலாம், உள்ளே வளைந்து நெளிந்து கேட்டின் (உருகிய உலோகம் அச்சுக்குள் நுழையும் வழி) அடிவரை போயிருக்கலாம், அதெல்லாம் வாயுவுக்கு ஒரு தடையே இல்லை. "ரொம்பச் சின்ன ஓட்டைதானே, மூடிக்கும்" என்பதை எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். மூடாது. ஹிப் மூடுவது வெளியோடு தொடர்பே இல்லாத துளையை மட்டும்தான்.

அந்த ஹவுசிங்கை வெட்டி, பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம். துளைகளின் உள்சுவரில் மெல்லிய சாம்பல் நிற ஆக்சைடு படலம் தெரிந்தது. வெற்றிடத்தில் உருக்கி ஊற்றிய உலோகத்தில், மூடிய துளைக்குள் அப்படி ஒரு படலம் வர வழியில்லை. வெளிக்காற்று போய்வந்திருக்கிறது. கொஞ்சம் மேலே நகர்த்தினால் துளையின் கழுத்து, அதன் வாய்மேல் பக்கத்து உலோகம் இழுபட்டு மூடிபோல் படிந்திருக்கிறது. மணல் போன்ற துகள்களை வேகமாக அடிக்கும் பிளாஸ்டிங் செய்த வேலை அது. ஷெல்லின், அதாவது பீங்கான் அச்சின், மிச்சத்தை எடுக்கவும் பார்க்க அழகாக இருக்கவும் பிளாஸ்டிங் போடுகிறார்கள், அதே வேகத்தில் பெனட்ரன்ட் டேங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். வாய் அடைபட்ட துளைக்குள் பெனட்ரன்ட் எப்படிப் போகும்? பரிசோதகர் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஓகே போட்டார். அவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். எட்ச் செய்யாமல், அதாவது அமிலத்தில் மேற்பரப்பை லேசாகக் கரைத்துத் துளை வாயைத் திறக்காமல், பாகத்தை அவர் கையில் கொடுத்ததுதான் தவறு.

எக்ஸ்ரேயை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எக்ஸ்ரே காட்டுவது தடிமன் வித்தியாசத்தையும் அடர்த்தி வித்தியாசத்தையும். இடையில் ஆக்சைடு இருந்து, துளை தட்டையாக நசுங்கியும் சுவர்கள் ஒட்டாமல் விட்ட இடத்தில் வித்தியாசம் என்று ஒன்றும் மிஞ்சாது. ஃபிலிம் சுத்தமாக வரும், பாகத்துக்குள் பிளவு இருக்கும்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. உள்ளே கிடக்கும் ஷெல் துணுக்கு, கசடு எல்லாம் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் "கரைந்துவிடும்" என்று. கரையாது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைடெட் 232 விமானத்தின் வால் எஞ்சினில் டைட்டானியம் விசிறித் தட்டு உடைந்து 112 பேர் இறந்தார்கள். அது வார்ப்புப் பாகம் இல்லை, ஃபோர்ஜிங், அதாவது காய்ச்சி அடித்து உருவாக்கியது. உருக்கும்போதே உள்ளே போன, நைட்ரஜன் மிகுந்த கடினமான ஒரு துணுக்கு அத்தனை சூட்டையும் அடியையும் தாண்டி அப்படியே இருந்தது. அங்கிருந்துதான் விரிசல் தொடங்கியது. பின்னாளில் பெனட்ரன்ட் பரிசோதனையிலும் விரிசல் கண்ணில் படாமல் போயிருக்கிறது. ஃபோர்ஜிங்கில் போகாதது ஹிப்பில் போகாது.

ஃபவுண்டரிக்காரர்களே, ஹிப்புக்கு முன்னால் மேற்பரப்பைப் பாருங்கள். திறந்த துளை இருந்தால் குடைந்து எடுத்து, வாடிக்கையாளரின் எழுத்து அனுமதியோடு வெல்டு செய்து மூடிய பிறகு அனுப்புங்கள். அனுமதி வாங்காமல் வெல்டு வைத்து மேலே பிளாஸ்டிங் அடித்து மறைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், எட்ச் செய்தால் வெல்டு தனியாகத் தெரிந்துவிடும். வெல்டுக்குள் ஆர்கான் சிக்கவும் விடாதீர்கள். ஹிப்பில் சுருங்கிய வாயு அடுத்த ஹீட் ட்ரீட்மென்ட்டில் (சூட்டுப் பதப்படுத்தலில்) மறுபடி ஊதிக்கொண்டு வரும். கடைசிப் பரிசோதனை என்றால் ஹிப், ஹீட் ட்ரீட்மென்ட், வெல்டு எல்லாம் முடிந்த பிறகு செய்வதுதான் கடைசிப் பரிசோதனை. முன்னால் எடுத்த ஃபிலிமைக் காட்டிக் கணக்கை முடிக்காதீர்கள்.

டிசைன் செய்பவர்களுக்கு: ஹிப்பில் துளை நசுங்கினால் அந்த இடம் வெளியிலிருந்து உள்வாங்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் சின்னக் குழியாகத் தெரியும். சுவர் ஏற்கெனவே மெலிசாக இருந்தால் அங்கே குறைந்தபட்ச தடிமனும் போய்விடும், அளந்து பாருங்கள். சுருக்கத் துளை எங்கே வரும் என்பதை முடிவு செய்வது கேட்டும் சுவர்த் தடிமனும்தான். அதை வரைபடத்திலேயே ஃபவுண்டரியோடு உட்கார்ந்து பேசுங்கள், "ஹிப் பார்த்துக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

பெனட்ரன்ட் அறையில் இருக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். புற ஊதா விளக்கு 38 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 மைக்ரோவாட்டாவது தருகிறதா என்று அளந்து பாருங்கள். வெள்ளை வெளிச்சம் 20 லக்ஸைத் தாண்ட விடாதீர்கள். இருட்டுக்குக் கண் பழக ஒரு நிமிடமாவது கொடுங்கள், நிறம் மாறும் கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். பிளாஸ்டிங் ஆன பாகம் எட்ச் ஆகாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். அவசரம் என்று மேலிருந்து சத்தம் வரும். வரட்டும், ரௌட் கார்டில் (பாகத்தோடு வரும் வேலைப் பட்டியல்) எட்ச்சிங் கையெழுத்து இல்லாமல் டேங்கில் இறக்காதீர்கள்.

வாங்குபவர்கள் முதல் லாட்டில் ஒரு பாகத்தைக் கட்டாயம் வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்டும்போது எளிதாகக் கிடைக்கும் மூலையை எடுக்காமல், கேட் வெட்டிய இடத்தையும் சுவர் தடிமன் மாறும் இடத்தையும் எடுக்கச் சொல்லி வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள்.