ஆர்சிசிபி விழுந்தால் அதன்மேல் கோபப்படாதீர்கள்

போன வாரம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நாலறை வீட்டுக்குப் போயிருந்தேன். அழைத்தவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. சமையலறையில் ஒரு சாக்கெட் கருகிவிட்டது, மாற்றித் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் டிபி பாக்ஸை, அதாவது வீட்டின் மின்சாரப் பெட்டியைத் திறந்து ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். மின்சாரம் எங்காவது கசிந்தால் வீட்டுக்கு வரும் மின்சாரத்தை வெட்டிவிடுகிற சுவிட்ச்தான் ஆர்சிசிபி; அப்படி வெட்டுவதைத்தான் ‘விழுவது’ என்கிறோம். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிகிறது, மின்விசிறி சுற்றுகிறது, ஆர்சிசிபியின் நெம்பு அசையாமல் மேலேயே நிற்கிறது.

மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன். ஆர்சிசிபியில் ஒரு வயர்கூட இல்லை. மெயின் சுவிட்சிலிருந்து வந்த லைவையும் (மின்சாரம் வரும் வயர்) நியூட்ரலையும் (அது திரும்பும் வயர்) யாரோ நேராக எம்சிபி வரிசைக்கும் (அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் வெட்டுகிற சின்னச் சுவிட்சுகள்) நியூட்ரல் பாருக்கும் கொண்டுபோய்விட்டார்கள். ஆர்சிசிபி அதன் இடத்தில் வெறுமனே பொருத்தியிருந்தது.

“அம்மா, இதை யார் செய்தது?”

“அதுவா தம்பி, விடியக்காலை குளிக்கப் போனாலே பவர் போய்க்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர் வந்து பார்த்துச் சரி பண்ணிட்டுப் போனார். 60 வெள்ளிதான் வாங்கினார். நாலு மாசமா ஒரு பிரச்சினையும் இல்லை.”

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. குளியலறை ஹீட்டரின் வயர்களைக் கழற்றி மெகர் (மின்கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தேன். லைவுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தால் 1 மெகா ஓமாவது காட்ட வேண்டும். மீட்டர் பூஜ்யத்தில் நின்றது. ஹீட்டருக்குள் இருக்கும் சூடேற்றும் கம்பியின் உறை அரித்து, தண்ணீருக்குள் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. நாலு மாதமாக அந்த வீட்டில் நான்கு பேர் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார்கள். பேரனுக்கு நான்கு வயது. கசிந்த மின்சாரம் முழுவதையும் எர்த் வயர் ஒன்று மட்டுமே சுமந்து வெளியேற்றிக்கொண்டிருந்தது. அந்த வயரின் ஒரு முனை தளர்ந்திருந்தால் ஷவர் குழாய்க்கே உயிர் வந்திருக்கும்.

இந்த வருடத்தில் இப்படி நான் பார்க்கும் மூன்றாவது வீடு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் ‘ஆர்சிசிபி கெட்டுப்போச்சு’ என்று சொல்கிறீர்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர் எனக்கு அப்படித்தான் போன் செய்கிறார்கள். “பழசாயிடுச்சு அண்ணா, புதுசு மாத்திக் கொடுங்க.” மாற்றித் தருவேன், அதில் எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் புதியதும் விழும். ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் கோளாறு அதில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. ஆர்சிசிபி செய்வது ஒரே வேலை. லைவில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கிறது. கணக்கில் குறைந்தால், குறைந்தது வேறு எதன் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம். அது ஹீட்டரின் இரும்புத் தொட்டியாக இருக்கலாம், ஈரச் சுவராக இருக்கலாம், உங்கள் கையாகவும் இருக்கலாம். குறைவு 30 மில்லி ஆம்பியரைத் தொடும்போது அது வெட்டிவிட வேண்டும். நம் வீட்டுக் கெட்டில் இழுக்கிற மின்சாரத்தில் முந்நூறில் ஒரு பங்கு அது. ஆனால் மனித இதயத்துக்கு அந்த அளவே ஆபத்து. அதனால்தான் பெரிய கசிவென்றால் 40 மில்லி செகண்டுக்குள் வெட்டும்படி அதைச் செய்திருக்கிறார்கள்.

ஆக, அது விழுகிறது என்றால் வேலை செய்கிறது. அதைக் கழற்றச் சொல்வது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது மாதிரி. பசி அப்படியேதான் இருக்கும்.

சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய எல்லா வீட்டிலும் ஆர்சிசிபி இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய பழைய வீடுகளும் 2025 ஜூலை 1க்குள் பொருத்தியிருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் கட்டாயமாக்கிவிட்டது. அப்பா அம்மா இன்னும் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இருக்கிறார்கள் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது டிபி பாக்ஸை ஒரு தரம் திறந்து பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ள சுவிட்ச் ஒன்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தயவுசெய்து பாருங்கள். அவர்களாக இதைச் சொல்ல மாட்டார்கள்.

இதற்குத் தம்பி முறையில் இன்னொரு தப்பு, எம்சிபி விழுந்தால் பெரியது போடச் சொல்வது. “20 ஆம்ப்ஸ் தாங்கலை, 32 போடுங்க.” எம்சிபி காப்பாற்றுவது சுவருக்குள் போகிற வயரை. 2.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 20 ஆம்ப்ஸ் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். எம்சிபியை மட்டும் பெரிதாக்கினால் வயர் பெரிதாகிவிடாது, சுவருக்குள் வேகும். 20 ஆம்ப்ஸ் எம்சிபி 20ஐத் தாண்டியதும் சட்டென்று விழுந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 29 ஆம்ப்ஸ் இழுத்தால்கூட அது விழ ஒரு மணி நேரம்வரை எடுத்துக்கொள்ளலாம். அது விழுந்தது என்றாலே வயர் ஏற்கெனவே நன்றாகச் சூடாகியிருக்கும். ஈசூன் அம்மா வீட்டில் சாக்கெட் கருகியது வேறு கதை. ஒரே எக்ஸ்டென்ஷனில் கெட்டில், ஏர் ஃபிரையர். இரண்டும் சேர்ந்து 3,700 வாட், அதாவது 16 ஆம்ப்ஸ். அந்தச் சாக்கெட் தாங்குவது 13. எம்சிபிக்கு 20 வரை கவலையில்லை, எனவே அது விழவில்லை. சாக்கெட் வெந்தது.

சரி, ஆர்சிசிபி விழுந்துவிட்டது, என்ன செய்வது? கருகல் வாடை வந்தாலோ, பாக்ஸுக்குள் ரீங்காரம் கேட்டாலோ எதையும் ஏற்றாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் வெளியே வந்து 995. அப்படி எதுவும் இல்லை என்றால், கையைத் துடைத்துக்கொண்டு எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்கள். ஆர்சிசிபியை மேலே ஏற்றுங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது, அதில் கற்றுக்குட்டி எலக்ட்ரீஷியன்களே மாட்டுவார்கள்.

நம் வீடுகளில் எம்சிபி லைவை மட்டும்தான் வெட்டும். பெரும்பாலான சாக்கெட் சுவிட்சும் அப்படித்தான். நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். கோளாறு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் என்றால், அந்தக் கருவியின் சுவிட்சை அணைத்திருந்தாலும் கசிவு இருந்துகொண்டே இருக்கும். வேறொரு கருவியைப் போட்டதும் ஆர்சிசிபி விழும். ஜூரோங்கில் ஒரு வீட்டில் ஏசியைப் போட்டால் விழுகிறது என்று ஏசிக்காரரை மூன்று முறை கூப்பிட்டு 400 வெள்ளிக்கு மேல் செலவழித்திருந்தார்கள். கோளாறு சமையல் மேடையில் இருந்த மிக்சியில். சுவிட்ச் அணைத்துத்தான் இருந்தது, பிளக் மட்டும் சாக்கெட்டில். அதனால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கை உருவுங்கள். வீட்டில் உள்ள அத்தனை பிளக்கையும் உருவிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். ஃபிரிட்ஜையும் ஒரு ஐந்து நிமிடம் உருவலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. எல்லாம் உருவிய பிறகும் விழுகிறது என்றால் கோளாறு வயரிங்கிலோ ஹீட்டர், ஏசி மாதிரி நிலையாக இணைத்தவற்றிலோ இருக்கிறது. அங்கே நீங்கள் நிறுத்திக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது சோதனை ஆகாது. டேப் ஒட்டி நெம்பைப் பிடித்து வைத்திருந்த ஒரு வீட்டையும் பார்த்திருக்கிறேன். அடுத்த தரம் பார்த்தால் சத்தம் போடுவேன்.

நம்மவர்கள் வீட்டில் மட்டும் நான் பார்க்கிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வருகிற கிரைண்டர். கோயம்புத்தூர் கிரைண்டர், நல்ல சாமான், மின்சாரமும் இங்கே அங்கே ஒன்றுதான், 230 வோல்ட். ஆனால் பிளக் உருண்டை முள். அதை வெட்டிவிட்டு இங்கத்திய மூன்று சதுர முள் பிளக்கை மாமாவோ சித்தப்பாவோ பொருத்துவார். பச்சை நிற எர்த் வயர் நீளம் போதாது, ‘அது இல்லாமலும் ஓடும்’ என்று நறுக்கிவிடுவார். ஓடும்தான். ஆனால் இனி கிரைண்டரின் உடம்பில் கசிகிற மின்சாரத்துக்குப் போக வழியில்லை, அதனால் ஆர்சிசிபிக்கு ஒன்றும் தெரியாது. ஈரக்கையோடு மாவை வழிக்க ஒருவர் தொடும்போதுதான் அதற்கு வழி கிடைக்கும். ஒரு பாட்டி என்னிடம் சொன்னார், “லேசா சுர்ருனு இருக்கும் தம்பி, அதனால ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் அரைப்பேன்.” எத்தனை வருடமாக? ஆறு வருடமாக. சுர்ரென்று ஒரு முறை இருந்தாலும் அந்தக் கருவியை அன்றோடு நிறுத்துங்கள். செருப்பு மருந்து ஆகாது.

இரண்டு முள் பிளக்கைச் செருக மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறப்பதும் வேண்டாம். கீழே இருக்கும் இரண்டு துளைகளுக்கு மூடி வைத்திருப்பதே குழந்தைகளுக்காக. பாதுகாப்புச் சின்னம் போட்ட அடாப்டர் சில வெள்ளிதான். ஹீட்டரை சாதாரண 13 ஆம்ப்ஸ் பிளக்கில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதற்கென்று லைவையும் நியூட்ரலையும் சேர்த்து வெட்டுகிற தனி சுவிட்ச் வேண்டும். டெஸ்டர் பேனாவில் விளக்கு எரியவில்லை, அதனால் மின்சாரம் இல்லை என்று நம்பி வயரைத் தொடாதீர்கள். நானே அதை நம்புவதில்லை, மீட்டர் வைத்துத்தான் பார்ப்பேன். பழைய வீட்டில் கறுப்பு வயர் நியூட்ரல், புதிய வயரிங்கில் நியூட்ரல் நீலம். நிறத்தை வைத்து ஊகிக்கிற வேலையை விட்டுவிடுங்கள்.

ஆர்சிசிபியும் எல்லாவற்றையும் தடுக்காது. லைவையும் நியூட்ரலையும் இரண்டு கையால் ஒன்றாகப் பிடித்தால் கணக்குச் சரியாகவே இருக்கும், அது விழாது. டிபி பாக்ஸைத் திறந்து வேலை செய்ய உரிமம் பெற்றவரையே கூப்பிடுங்கள். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம், வாசலில் நிறுத்தி உரிமத்தைக் கேட்கலாம். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொள்பவரை உள்ளே விடாதீர்கள்.

ஈசூன் அம்மா வீட்டில் புது ஹீட்டர் வந்துவிட்டது. வயர்களை ஆர்சிசிபிக்குத் திருப்பிவிட்டு, சாக்கெட்டை மாற்றி, எல்லாம் அளந்து முடித்த பிறகு அவரையே ஸ்டூல்மேல் ஏற்றி டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொன்னேன். டக்கென்று வீடே இருட்டானது. பயந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். “இப்படித்தாம்மா ஆகணும். மாசம் ஒரு தடவை அழுத்துங்க. இருட்டாகலைன்னா மட்டும் எனக்குப் போன் பண்ணுங்க” என்றேன். காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவைத்தார், டிசம்பர்வரை.