உப்புக்காற்றுக்கு எந்த ரேடியேட்டர்?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் பழைய பெட்ரோல் அம்பாசடர் நிற்கிறது. ரேடியேட்டரில் ஒழுக்கு இல்லை, ஆனால் ராமேசுவரம் போய்வருவதற்குள் எஞ்சின் கொதித்துவிடுகிறது. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். செம்பா, அலுமினியமா?"

செம்பு அலுமினியத்தைவிட நன்றாக வெப்பம் கடத்தும் என்று எல்லோரும் படித்திருப்போம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பழைய ரேடியேட்டரில் தண்ணீர் ஓடுவது பித்தளைக் குழாயில். செம்பு இருப்பது அதைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளில். இரண்டையும் ஒட்டவைக்கும் ஈயப்பற்று வெப்பம் கடத்துவதில் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அலுமினியத்தில் அந்தப் பற்று கிடையாது, குழாயும் அகலம். ஆக, குளிர்விப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ராமநாதபுரம் கரையில் பார்க்க வேண்டியது, எது அரிக்காமல் நிற்கும் என்பதைத்தான்.

சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை உறிஞ்சிக் கரையும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். மண்டபத்திலும் கீழக்கரையிலும் நடுப்பகலில்கூடக் காற்றில் அதற்குமேல் ஈரம் இருக்கும். அதனால் தகடுகளின் மேல் படிந்த உப்பு, வண்டி சும்மா நிற்கும்போதும் முழுதாகக் காய்வதில்லை. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, மேலே உப்புநீர்ப் படலம் இருந்தால் அது ஒரு மின்கலம். எலெக்ட்ரானைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும் உலோகம் அதில் கரைந்துகொண்டே இருக்கும்.

செம்பு ரேடியேட்டரில் கரைவது எது? ஈயப்பற்று! குழாய் ஓட்டையாவதில்லை, ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. ஆனால் தகடு குழாயை விட்டு மயிரிழை விலகிவிடுகிறது. அந்த இடைவெளியில் காற்று புகுந்தால் வெப்பம் தகட்டுக்குப் போய்ச் சேராது. ஒழுகாமலே கொதிக்கும் உங்கள் வண்டிக்கு இதுதான் நோய் என்று சந்தேகிக்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தகட்டை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினாலோ உதிர்ந்தாலோ கோர், அதாவது குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதி, போய்விட்டது.

அலுமினியத்தில் இதே மின்கலத்தை நமக்குச் சாதகமாகத் திருப்பியிருக்கிறார்கள். பல ரேடியேட்டர்களில் தகட்டு உலோகத்தில் மட்டும் கொஞ்சம் துத்தநாகம் கலக்கிறார்கள். அதனால் குழாயைவிடத் தகடு சுலபமாக எலெக்ட்ரானை விடுகிறது. தான் கரைந்து குழாயைக் காக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

அப்படியானால் அலுமினியமே போடலாமே? உள்ளே பாருங்கள். அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம். குளோரைடு அதை ஓரிடத்தில் துளைத்தால், கரைந்த அலுமினியம் நீரோடு வினைபுரிந்து அந்தக் குழிக்குள் அமிலத்தை உண்டாக்கும். அமிலத்தில் படலம் மறுபடி மூடாது, மேலும் குளோரைடு உள்ளே வரும், குழி ஆழமாகும். குழாய்ச் சுவரோ அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. நம் கரையோரக் கிணறு, போர் தண்ணீரில் இந்தக் குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை. பித்தளை பாகங்களிலிருந்து கரைந்துவரும் செம்பும் அலுமினியத்தின் மேல் படிந்து அரிப்பைக் கூட்டும்.

இதையெல்லாம் சொல்ல வெளிநாட்டு ஆய்வு தேவையில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), மண்டபம் கரையில் உலோகங்களைக் காற்றில் வைத்துச் சோதித்துவந்திருக்கிறது. அரிப்பு ஆண்டுக்கணக்கில் நடப்பது. இரண்டு மூன்று ஆண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கினால் இந்த மாதிரி ஆய்வு வளராது. பாம்பன் பாலம் நிற்கும் நாட்டில் இதற்கு நிரந்தர நிதி வேண்டும் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். பழைய பெட்ரோல் அம்பாசடரில் எஞ்சினின் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. செம்பு கரைந்து வந்தாலும் கெடுக்க அங்கே அலுமினியம் இல்லை. வழியில் கிடைத்த தண்ணீரை என்றைக்காவது யாராவது ஊற்றிவிடுவார்கள். நான் செம்பு-பித்தளையையே சொல்வேன். மேல், கீழ் டேங்குகள் நன்றாக இருந்தால் கோர் மட்டும் மாற்றலாம். ஒழுகினால் உள்ளூரிலேயே ஈயம் வைக்கலாம். டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். கடற்கரைச் சாலையில் போய்வந்தால், கோர் ஆறியதும் எஞ்சின் பக்கமிருந்து நல்ல தண்ணீரை மெதுவாக அடித்து உப்பைக் கழுவுங்கள். தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றிவிட்டால் சூடு குறையும் என்பது பட்டறை மூடநம்பிக்கை. நல்ல தெர்மோஸ்டாட் அங்கேயே இருக்கட்டும்.

ரேடியேட்டர் மூடி வாங்கும்போது பழைய மூடியில் போட்டிருக்கும் அழுத்த அளவையே கேளுங்கள். 15 பிஎஸ்ஐ மூடி போட்டால் தண்ணீரின் கொதிநிலை 121 டிகிரி வரை உயரும் என்பது உண்மை. ஆனால் குறைந்த அழுத்தத்துக்குச் செய்த டேங்கின் ஈய இணைப்பும் பழைய ஹோஸும் அதைத் தாங்காது.