கழிமுகம்: ‘எஸ்சுவரி’க்குத் தமிழில் எது பொருந்தும்?

வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருப்பதால், கடலூர் மாவட்டத்து ஆய்வு மாணவர்களின் பேச்சில், ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கரையோர நீர்ப்பரப்பைக் குறிக்கும் ‘எஸ்சுவரி’ (estuary) என்ற ஆங்கிலச் சொல் மிக இயல்பாகப் புழங்குகிறது. தமிழில் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் முகத்துவாரம், கழிமுகம், பொங்குமுகம், டெல்டா என்று ஆளுக்கொரு சொல் வருகிறது. இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கத்தக்கவை அல்ல.

‘எஸ்சுவரி’யின் வேர் இலத்தீன். ‘ஈஸ்டஸ்’ என்பது வெப்பம், கொதிப்பு, கடல்நீரின் பொங்கெழுச்சி ஆகிய மூன்றையும் குறிக்கும். அதிலிருந்து, ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும் இடத்துக்கு ‘ஈஸ்டுவாரியம்’ என்ற பெயர் பிறந்தது. அவ்வகையில் பொங்குமுகம் என்ற தமிழாக்கம் மூலச்சொல்லுக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. ஆனால், மழைவெள்ளம் பொங்கும் இடம் என்று படிப்பவர் கருதவும் அச்சொல் இடந்தருகிறது. கரையோர மக்களின் வாயில் அது வழங்குவதும் இல்லை.

மீனவர் நாவில் வாழும் சொல் முகத்துவாரம். அது ஆறு கடலுக்குள் திறக்கும் வாயை, படகு வெளியேறும் அந்தத் திறப்பை மட்டுமே சுட்டும். சூழலியலாளர் ஆராயும் பரப்போ அவ்வாயிலிருந்து ஓதம் எட்டும் தொலைவு வரை ஆற்றுக்குள் நீள்கிறது. ஆகவே ‘முகத்துவாரத்தில் நீர் மாதிரி எடுத்தேன்’ என்று ஒரு மாணவர் எழுதினால், வாயருகே உள்ள ஒரே ஓரிடத்தில்தான் எடுத்தார் என்று பொருள்படும்.

கழி என்பது நெய்தல் திணைக்குரிய பழஞ்சொல். ‘இருங்கழி’ சங்கப் பாடல்களில் பயின்று வருகிறது. உப்பங்கழி இன்றும் வழக்கில் உள்ளது. கடல்நீர் ஏறித் தங்கும் உவர்நீர்ப் பரப்பு என்ற பொருள் அதிலேயே அடங்கியிருப்பதால், அத்தகைய பரப்பை ஆறு சந்திக்கும் பகுதியைக் கழிமுகம் என்பது பொருத்தமாகிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தில், சுரபுன்னைகளுக்கு நடுவே ஓடும் கால்வாய்களைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே அறிவியல் வரையறையையும் ஒப்பிட வேண்டும். 1967இல் கடலியலாளர் பிரிட்சர்டு தந்த புகழ்பெற்ற வரையறைப்படி, கடலோடு தடையின்றித் தொடர்புடையதும், நிலத்திலிருந்து வடியும் நன்னீரால் கடல்நீர் அளவிடத்தக்க வகையில் நீர்த்துப்போவதுமான, ஓரளவு சூழப்பட்ட கரையோர நீர்ப்பரப்பே எஸ்சுவரி. குளிர்நாட்டு ஆறுகளுக்கு இது பொருந்தும். நம் கரையிலோ வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உவர்ப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையில் ஆற்று வரத்து சுருங்கிக் கடல்நீர் உள்ளேறுவதால் அது கடல்நீரின் அளவை, அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராமை, நெருங்குகிறது. சிறிய ஆறுகளின் வாயை மணல்திட்டு அடைத்துவிடுவதும் உண்டு. தென்னாப்பிரிக்க ஆறுகளை ஆராய்ந்த உயிரியலாளர் டே, 1980இல் ‘நிலையாகவோ அவ்வப்போதோ’ கடலுக்குத் திறந்திருப்பது என்றும், உவர்ப்பு ‘மாறுபடுவது’ என்றும் வரையறையைத் திருத்தியது இத்தகைய ஆறுகளையும் உள்ளடக்குவதற்காகவே. கழிமுகம் என்ற சொல் கடல்நீர் நீர்த்துப்போவதையோ இடையறாத திறப்பையோ வற்புறுத்தாததால், டேயின் வரையறைக்கு இயல்பாகவே இசைகிறது.

ஒரு குழப்பம் மட்டும் எஞ்சுகிறது. சில நூல்கள் டெல்டாவையும் கழிமுகம் என்கின்றன. டெல்டா என்பது ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து உருவான நிலம், கழிமுகம் நீர்ப்பரப்பு. காவிரி டெல்டா என்பது உழவர் வரை அனைவருக்கும் விளங்கும் வழக்காகிவிட்ட நிலையில், நிலத்துக்கு டெல்டாவையே வைத்துக்கொண்டு, நீருக்குக் கழிமுகத்தை ஒதுக்கிவிடலாம். அப்போது ஆய்வேட்டின் தலைப்பில் ‘வெள்ளாற்றுக் கழிமுகம்’ என்றும், அதற்குள் மாதிரி எடுத்த இடங்களை முகத்துவாரம், உவர்ப்பு மாறும் பகுதி, நன்னீர்ப் பகுதி என்றும் பிரித்து எழுத முடியும்.